முதல் பாய்மரப் படகைப் பழையதாக வாங்குவோருக்கு

சென்னைத் துறைமுகத்தின் அமைதியான நீரில் இரண்டு மூன்று மாதம் பாய்மரப் படகு ஓட்டிப் பழகியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஆசைதான் அடுத்து வருகிறது. பயிற்சிப் படகுக்காகக் காத்திராமல், நினைத்த ஞாயிற்றுக்கிழமையில் எடுத்துச் செல்லத் தமக்கென்று ஒரு படகு வேண்டும் என்பது அந்த ஆசை. புதுப் படகு என்றால் அதன் விலையோடு கப்பல் கூலியும் சுங்கவரியும் சேர்ந்துகொள்ளும் என்பதால், பலர் பழைய படகைத் தேடிப் போகிறார்கள். அது தவறான முடிவு அன்று. ஆனால் பழைய காரையோ மோட்டார் சைக்கிளையோ வாங்குவது போல அதை நினைத்துவிடக் கூடாது. படகில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டும் கருவி இல்லை. தெருமுனையில் காட்டிக் கேட்க மெக்கானிக் இல்லை. இந்த வயதுப் படகுக்கு இதுதான் விலை என்று சொல்லும் பட்டியலும் இல்லை. வாங்குபவருடைய கண்ணும் கையும்தான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும்.

முதலில் படகுகளின் இரு பெரும் வகைகளைப் புரிந்துகொள்வது நல்லது. காற்று பாயைத் தள்ளும்போது படகு முன்னால் மட்டும் போவதில்லை. பக்கவாட்டில் நழுவவும் பார்க்கிறது, சாயவும் பார்க்கிறது. நழுவுவதைத் தடுக்க நீருக்குள் ஒரு பலகை தேவை. நம் கடற்கரையில் பாய் விரித்துப் போன கட்டுமரக்காரர்களும் இதே காரணத்துக்காகத்தான் ஒரு பலகையை நீருக்குள் இறக்கிக்கொண்டார்கள். சாய்வதைத் தடுக்கும் வழியில்தான் இரு வகைகளும் பிரிகின்றன. டிங்கி எனப்படும் சிறு படகில் பலகை லேசானது, வேண்டும்போது மேலே தூக்கிக்கொள்ளக் கூடியது. சாய்வைச் சமன்செய்யும் பாரம் ஓட்டுபவரின் உடம்பே. அவர் எதிர்ப்பக்க விளிம்பில் அமர்ந்து வெளியே சாய்ந்தால் படகு நிமிரும், சோம்பலாக உட்கார்ந்தால் கவிழும். கீல் படகில் அந்தப் பலகையின் இடத்தில் ஈயமோ இரும்போ கொண்ட கனத்த கீல், படகின் அடியில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். எவ்வளவு சாய்ந்தாலும் அந்தக் கனம் படகை மீண்டும் நிமிர்த்தப் பார்க்கும் என்பதால் அது எளிதில் கவிழாது.

இதைக் கேட்டவுடன், கவிழாத படகுதானே புதியவருக்கு நல்லது என்று தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. டிங்கியில் நாம் செய்யும் ஒவ்வொரு பிழைக்கும் உடனே பதில் கிடைக்கிறது: பாய்க்கயிற்றை அளவுக்கு மீறி இழுத்தால் படகு சாய்கிறது, தளர்த்தினால் நிமிர்கிறது, சுக்கானை முரட்டுத்தனமாகத் திருப்பினால் வேகம் சட்டென்று செத்துப்போகிறது. ஒன்றரை டன் எடையுள்ள கீல் படகு அதே பிழைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஓட்டுபவருக்குத் தாம் பிழை செய்தோம் என்பதே தெரியாது. கவிழ்வதும் ஆபத்தன்று. உயிர்காப்புச் சட்டை அணிந்திருந்து, உதவிப் படகு அருகில் இருக்குமானால் அது பாடத்தின் ஒரு பகுதிதான். வங்கக் கடலின் நீர் குளிரால் யாரையும் விறைக்கச் செய்வதும் இல்லை.

செலவுக் கணக்கும் டிங்கிக்கே சாதகமாக இருக்கிறது. டிங்கி கரையில், தள்ளுவண்டியின் மேல் உறங்கும். கீல் படகோ ஆண்டு முழுவதும் நீரிலேயே மிதக்க வேண்டும். நம் வெதுவெதுப்பான கடலில் அதன் அடியில் சிப்பிப் பூச்சிகளும் பாசியும் சில வாரங்களிலேயே ஒட்டிக்கொள்ளும். அவற்றைச் சுரண்டவும், அடிவண்ணம் பூசவும் கிரேன் வைத்துத் தூக்கியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் புயல் கவலை வேறு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகில் கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசியது. அத்தகைய நாளுக்கு முன்னால் டிங்கியின் பாய்மரத்தைக் கழற்றி, படகைக் கவிழ்த்துப் போட்டு, தரையோடு இறுகக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். கீல் படகின் சொந்தக்காரர் அன்றிரவு தூங்கமாட்டார்.

படகைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், அது எங்கே இருக்கப் போகிறது என்பதை முடிவு செய்ய வேண்டும். சென்னைக்கு இது வேறு பல ஊர்களைவிட முக்கியமான கேள்வி. நமக்கு நீண்ட கடற்கரை உண்டு. ஆனால் அலை மடங்கி உடையும் கரை அது. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு சென்னைக்கு வந்த கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டன; ஆட்களையும் சரக்கையும் ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசுலாப் படகுகள்தான் அந்த அலைகளைத் தாண்டிக் கரைசேர்த்தன. பெசன்ட் நகரிலோ நீலாங்கரையிலோ வீடு இருக்கிறது, வாசலிலிருந்தே படகை இறக்கிவிடலாம் என்று எண்ணுகிற புதியவர், முதல் அலையிலேயே பாய்மரத்தை மணலில் குத்தி வளைத்துக்கொள்வார். ஆகவே துறைமுகத்துக்குள் 1911 முதல் இயங்கிவரும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப், தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் போன்ற ஓர் அமைப்பில் உறுப்பினராகி, படகு வைக்க இடம் கிடைக்குமா, எவ்வளவு கட்டணம், எந்த அளவுப் படகு வரை ஏற்பார்கள் என்று கேட்டு உறுதி செய்த பிறகே விற்பனைக்குள்ள படகைப் பார்க்கப் போக வேண்டும். துறைமுகம் பாதுகாப்புக்குட்பட்ட பகுதி. உள்ளே போய்வர அனுமதி தேவை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அடுத்தது, எந்த ரகம் என்னும் கேள்வி. உலகெங்கும் ஒரே அளவில், ஒரே விதிப்படி கட்டப்படும் படகுகளைக் கிளாஸ் படகுகள் என்பார்கள். உங்கள் அக்கம்பக்கத்தில் எந்தக் கிளாஸ் ஏற்கெனவே ஓடுகிறதோ அதையே வாங்குங்கள் என்பது நான் தயங்காமல் சொல்லும் அறிவுரை. அப்போதுதான் உடைந்த உதிரிப்பாகத்துக்கு மாற்று கிடைக்கும், கயிறு கட்டுவதில் சந்தேகம் வந்தால் பக்கத்துப் படகைப் பார்த்துக்கொள்ளலாம், இரண்டு ஆண்டு கழித்து விற்க நினைத்தால் வாங்க ஆள் இருப்பார். யாரோ எங்கோ தனியாக வடிவமைத்துக் கட்டிய படகு எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அதன் பாய்மரம் ஒடியும் நாளில் அது வெறும் தொட்டி.

குழந்தைகளுக்கு ஆப்டிமிஸ்ட். 1947இல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்த இந்தப் பெட்டி போன்ற சிறு படகு, சுமார் 2.3 மீட்டர் நீளமும் 35 கிலோ எடையும் உடையது. பதினைந்து வயது வரை ஒரு பிள்ளை தனியாக ஓட்டலாம். பெரியவர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்துவது லேசர். இதன் பெயர் இப்போது அதிகாரப்பூர்வமாக ஐஎல்சிஏ. புரூஸ் கிர்பி வடிவமைத்து 1971இல் சந்தைக்கு வந்த இந்தப் படகு சுமார் 4.2 மீட்டர் நீளமும், பாய்மரம் போன்றவை நீங்கலாகச் சுமார் 59 கிலோ எடையும் கொண்டது. சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது இதன் நடு அளவுப் பாய் கொண்ட ரேடியல் வகையைத்தான். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் அவர். இந்தப் படகில் வசதியான ஏற்பாடு ஒன்று உண்டு. உடல் ஒன்றுதான்; அதன் மேல் மூன்று அளவுப் பாய்களில் எதையும் ஏற்றலாம். பெரியது சுமார் 7 சதுர மீட்டர், நடுவானது 5.8, சிறியது 4.7. எண்பது கிலோ எடையுள்ளவர் பெரிய பாயையும், அறுபது கிலோ எடையுள்ளவர் நடுப்பாயையும் எடுத்துக்கொள்ளலாம். ஒல்லியான புதியவர் பெரிய பாயை ஏற்றிக்கொண்டு மாலைக் கடற்காற்றில் போனால் படகோட்டுவதைவிட நீந்துவதைத்தான் அதிகம் கற்றுக்கொள்வார். எனவே விற்பவரிடம் உள்ள பாய் எந்த அளவு, இரு துண்டுகளாக வரும் பாய்மரத்தில் அதற்கேற்ற கீழ்த்துண்டு இருக்கிறதா என்பதை முதல் உரையாடலிலேயே கேட்டுவிட வேண்டும்.

இருவர் ஓட்டும் படகுகளில் என்டர்பிரைஸ் இந்தியாவில் நெடுங்காலமாகப் புழங்கிவருவது. ஜாக் ஹோல்ட் 1956இல் வடிவமைத்த நான்கு மீட்டர்ப் படகு அது. மிக நல்ல படகும்கூட. ஆனால் இருவர் படகு வாங்குவதற்கு முன் அந்த இரண்டாவது ஆளைப் பற்றியும் யோசிக்க வேண்டும். நான் முதலில் வாங்கியது இருவர் படகுதான். நண்பரும் நானும் பாதிப் பாதி பணம் போட்டோம். வாங்கிய ஐந்தாம் மாதம் அவருக்குப் பெங்களூருக்கு மாற்றல் வந்தது. படகு தார்ப்பாயின் கீழே இரண்டு மழைக்காலம் கிடந்தது. தனியாக எடுத்துச் செல்லக்கூடிய படகை வாங்கியிருந்தால் அந்த இரண்டு ஆண்டுகளில் எவ்வளவோ கற்றிருப்பேன்.

இனி, படகைப் பார்வையிடும் முறை. ஒரு கைவிளக்கு, ஒரு ரூபாய் நாணயம், ஒரு வாளி, கொஞ்சம் சோப்புத்தூள், முடிந்தால் இரண்டு எடைபார்க்கும் கருவிகள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் போங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றாலும், மனத்தில் ஒன்றை இருத்திக்கொள்ளுங்கள்: பாய், கயிறு, கப்பி, சுக்கான் எல்லாவற்றையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், படகின் உடலை மாற்ற முடியாது. அதனால் உடலைப் பார்க்க முக்கால் மணி நேரமும் மற்றவற்றைப் பார்க்கக் கால் மணி நேரமும் ஒதுக்குவதே சரி. புதியவர்கள் செய்வது நேர்மாறாக இருக்கிறது. பளபளக்கும் பாயில் மயங்கிவிடுகிறார்கள்.

இன்றைய டிங்கிகளின் உடல் கண்ணாடியிழையையும் ரெசினையும் சேர்த்துச் செய்தது. அதன் மேல்தோலை ஜெல்கோட் என்பார்கள். ஜெல்கோட்டில் சிலந்தி வலை போன்ற மெல்லிய கீறல்கள் தென்பட்டால் பதற வேண்டாம். பழைய படகில் அவை இயல்பு. ஆனால் ஒரு நீண்ட கீறல் நேர்கோடாக ஓடினாலோ, கீறலின் மேல் கட்டைவிரலை அழுத்தும்போது இரு பக்கமும் அசைந்தாலோ உள்ளே இழையே முறிந்திருக்கிறது என்று பொருள். பல படகுகளின் மேல்தளம், இரண்டு இழைத் தோல்களுக்கு நடுவே இலேசான நுரைப் பலகையை வைத்து ஒட்டியது. வெயிலும் உப்புநீரும் புகுந்து அந்த ஒட்டு விட்டுப்போனால் தளம் மெத்தை போல அமுங்கும். நாணயத்தால் தளம் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கணீரென்றும், ஒட்டு விட்ட இடத்தில் நீர் கோத்த தேங்காயைத் தட்டினாற் போல மந்தமாகவும் கேட்கும். ஓட்டுபவர் அமரும் இடத்தின் இரு பக்கமும் முதலில் கெடும் என்பதால் அங்கே முழங்காலை ஊன்றிப் பாருங்கள்.

பிறகு எடை. படகின் முன்பக்கம் ஒரு கருவியையும் பின்பக்கம் ஒரு கருவியையும் வைத்து இரண்டையும் கூட்டினால் போதும். 59 கிலோ இருக்க வேண்டிய லேசர் 70 கிலோ காட்டினால், உள்ளே நுரைக்குள் நீர் ஊறியிருக்கலாம், அல்லது யாரோ தாராளமாகப் பழுது பார்த்திருக்கலாம். பழுது பார்ப்பதைப் பற்றி ஒரு சொல். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் ஃபைபர் படகுகளே பிடித்துக்கொண்டதால், காசிமேட்டிலும் மற்றக் குப்பங்களிலும் ஃபைபர் வேலை தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. அவர்கள் கைத்திறனில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் மீன்பிடிப் படகு நாள்தோறும் மணலில் மோதித் தாங்க வேண்டியது; அதற்குப் போடுகிற கனத்தில் டிங்கிக்கும் மேட் எனப்படும் கண்ணாடியிழை விரிப்பைப் போட்டுவிட்டால் ஓட்டை அடைபடும், படகு ஓடாது. அடியில் புதிதாக வண்ணம் பூசிய படகு என்றால் ஏன் பூசினார்கள் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால், அந்த வண்ணத்தின் கீழே எதையோ மறைத்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வேன்.

பிளைவுட்டில் கட்டிய பழைய என்டர்பிரைஸ் போன்ற மரப்படகுகள் கண்ணுக்கு அழகானவை. ஆனால் சென்னையின் மழைநீர் தேங்கி மூலைகள் மக்கிப்போகும். கரையில் கிடந்தால் கரையானும் ஏறும். மர வேலையில் விருப்பமும் நேரமும் இல்லாதவர் தொடாமல் இருப்பது நல்லது.

லேசரில் நான் மிகக் கவனமாகப் பார்க்கும் இடம் பாய்மரம் செருகப்படும் குழி. பிற படகுகள் பலவற்றில் பாய்மரத்தைக் கம்பிகள் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்திருக்கும். லேசரில் அப்படி எந்தக் கம்பியும் இல்லை. பாயில் விழும் காற்றின் முழு விசையும், மேல்தளத்தின் விளிம்பிலும் குழியின் அடியிலுமாக இரண்டே இடங்களில் உடலுக்குள் இறங்குகிறது. போதாக்குறைக்குக் கடற்கரை மணல் அந்தக் குழிக்குள் விழும். பாய்மரம் திரும்பத் திரும்ப அந்த மணல் அம்மிபோல அடிப்பகுதியை அரைத்துக்கொண்டே இருக்கும். பல ஆண்டு அரைபட்ட குழி ஒரு நாள் காற்று வலுக்கும்போது பிய்ந்துவிடும். அதற்கு முன்பே உடலுக்குள் நீர் கசிய விடும். சோதிப்பது எளிது. குழியை விளிம்பு வரை நீரால் நிரப்பி, அரை மணி நேரம் விட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். நீர்மட்டம் இறங்கியிருந்தால் குழி கசிகிறது. பாய்மரத்தின் கீழ்த்துண்டை மட்டும் செருகி மெல்ல முன்னும் பின்னும் ஆட்டும்போது, குழியைச் சுற்றியுள்ள தளமும் கூடவே அசைகிறதா என்பதையும் பாருங்கள். இந்த இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் முதல் படகாக அதை வாங்க வேண்டாம் என்பேன்.

முழு உடலிலும் கசிவு இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு வழி: படகிலுள்ள சிறு காற்றுத் துளையை ஒட்டுநாடாவால் அடைத்துவிட்டு, நீர் வடியும் துளை வழியாக வாயாலேயே ஊதி, இணைப்புகளின் மேல் சோப்பு நீரைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழ் வரும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை ஒருபோதும் வைக்காதீர்கள். தளமும் அடியும் ஒட்டிய இடமே பிளந்துவிடும்.

அலுமினியப் பாய்மரத்தைத் தரையில் உருட்டிப் பாருங்கள். வளைந்த குழாய் குதித்துக் குதித்து உருளும். அதைவிடக் கவனிக்க வேண்டியது ரிவெட் அடித்த இடங்கள். துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருப்பது அதன் அடையாளம். பாய்மரங்கள் பெரும்பாலும் அந்த ஓட்டையில்தான் ஒடிகின்றன. சுக்கானைத் தாங்கும் பின்பக்கத் தகடுகள் ஆடுகின்றனவா என்று இழுத்துப் பாருங்கள். நீருக்குள் இறக்கும் பலகையான டேகர்போர்டில் விளிம்பு சிறிது சிதைந்திருந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். கயிறுகள் பழையவையாகத்தான் இருக்கும். அவற்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

பாய்க்கு எதிரி காற்று அன்று, வெயில். புதுப் பாய் காகிதம் போல மொடமொடவென்று இருக்கும். வெயிலில் காய்ந்து பழையதான பாய் வேட்டித் துணி போலத் துவண்டுவிடும். அதன் நடுவயிறு தொங்கி, காற்றை நோக்கி நெருங்கி ஓட்ட விடாது. தையல் நூலை நகத்தால் சுரண்டினால் பொடிந்து வருகிறதா என்பதையும் பாருங்கள். துவண்ட பாயானாலும் முதல் ஆண்டு கற்றுக்கொள்ளப் போதுமானது. அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள், அவ்வளவுதான்.

இவ்வளவு சொன்ன பிறகும் குடும்பத்தோடு போக ஒரு கீல் படகுதான் வேண்டும் என்பவர்கள், எட்டு மீட்டர் நீளமுள்ள ஜே-80 போன்ற ஒன்றை நான்கைந்து பேர் சேர்ந்து வாங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும். அதை நீரிலிருந்து தூக்கிவைத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. கீலும் உடலும் சேரும் இடத்தில் துருக் கோடோ விரிசலோ தெரிகிறதா, அடியில் கொப்புளங்கள் உள்ளனவா, கொப்புளத்தைக் குத்தினால் காடி வாடையோடு நீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

தாள்களையும் பார்த்தாக வேண்டும். லேசரின் வரிசை எண் முன்பக்க வளையத்தின் கீழோ பின்பலகைத் தகட்டிலோ இருக்கும்; விற்பவர் காட்டும் ரசீதிலும் அதே எண் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த படகென்றால் சுங்கத் தாளைக் கேளுங்கள். படகு நிற்கும் இடத்தில் வாடகைப் பாக்கி இருக்கிறதா என்று அலுவலகத்திலேயே நேரில் விசாரியுங்கள். நீண்ட நாள் ஓடாமல் கிடந்த படகுகளுக்கு அந்தப் பாக்கி படகின் விலையையே எட்டிவிடுவதுண்டு; எனக்கு அது பணம் கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

இவற்றையெல்லாம் தாண்டி வந்த படகை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பிற்பகலில் கடற்காற்று ஏறி, மணிக்கு 15 முதல் 22 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது 8 முதல் 12 நாட் வரை வீசும் நாள் ஏற்றது. கடற்காற்று படகைக் கரைப்பக்கம் கொண்டுவரும். ஆனி, ஆடி மாதங்களில் முற்பகல் முழுவதும் மேற்கிலிருந்து வலுத்து வீசும் மேல்காற்றோ கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். அறியாத படகைச் சோதிக்க அந்த மேல்காற்று நேரம் ஆகாது. அனுபவமுள்ள ஒருவரை உடனோ உதவிப் படகிலோ வைத்துக்கொண்டு, இரு பக்கமும் திரும்பி, ஒரு முறை வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்தி, ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். கரைக்கு வந்ததும் படகின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலுள்ள தக்கையைத் திறந்துவிடுங்கள். உள்ளேயிருந்து ஒரு டம்ளர் நீர் வடிந்தால் விலை பேசத் தொடங்கலாம். அரை வாளி வடிந்தால், அது எந்த வழியாக நுழைந்தது என்று விற்பவரும் நீங்களும் சேர்ந்து கண்டுபிடிக்கும் வரை பணத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காதீர்கள்.